இணையத் தெரிவு வாசிப்பு

இணையத்தில் நாள்தோறும் வெளியாகும் கட்டுரைகளில் படிக்கத்தக்கவற்றை ஒருவரோ சிறு குழுவோ பொறுக்கியெடுத்து, இரண்டு மூன்று வரி அறிமுகத்துடன் வாசகர் முன் வைப்பதும், அதன் வழியே பொது வாசகர் அறிவியலையும் பெருங்கருத்துகளையும் அறிந்துகொள்வதும் தெரிவு வாசிப்பு எனப்படும். தேடுபொறி கேட்டதைத் தருகிறது. தெரிவாளர் கேட்கத் தோன்றாததைத் தருகிறார். இதன் இன்றைய வடிவம் 1998இல் நியூசிலாந்தின் கிறைஸ்ட்சர்ச் நகரில் பிறந்தது. வேர் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேல் பழையது.

முன்வரலாறு

பதினேழாம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குள் ஐரோப்பாவின் அச்சகங்கள் யாராலும் படித்து முடிக்க இயலாத அளவுக்கு நூல்களை வெளியிட்டுவந்தன. பாரிஸ் நகரத்து நீதிமன்ற ஆலோசகரான தெனி தெ சாலோ, 1665 ஜனவரி 5 அன்று 'ஜூர்னல் தே சாவான்' என்ற வார இதழைத் தொடங்கினார். புதிய நூல்களின் சாரம், அறிவியல் சோதனைகள், கற்றோர் உலகச் செய்திகள் ஆகியவை அதில் இடம்பெற்றன. சாலோ சாரம் எழுதுவதோடு நிற்கவில்லை. நூல்களுக்குத் தீர்ப்பும் வழங்கினார். அடிபட்டவர்கள் சும்மா இருப்பார்களா? எதிர்ப்பு வலுத்து, மூன்றே மாதத்தில் இதழ் நின்றுபோனது. மறு ஆண்டு வேறு ஆசிரியரின் கையில் மீண்டு வந்தபோது தீர்ப்பு அடங்கிச் சாரம் மேலோங்கியிருந்தது.

அதே 1665ஆம் ஆண்டு மார்ச் 6 அன்று லண்டனில் 'பிலசாபிகல் டிரான்சாக்‌ஷன்ஸ்' வெளிவந்தது. அதைத் தொடங்கிய ஹென்றி ஓல்டன்பர்க், ஜெர்மனியின் பிரெமன் நகரத்தவர். ராயல் சொசைட்டியின் செயலாளர். ஐரோப்பா முழுவதிலுமிருந்து அறிஞர்கள் அவருக்குக் கடிதம் எழுதினர். அவற்றில் எது அச்சேற வேண்டும், எதைச் சுருக்க வேண்டும் என்று அவரே முடிவுசெய்தார். இதழின் செலவும் அவருடையது, வந்தால் லாபமும் அவருடையது. இத்தனை வெளிநாட்டுக் கடிதங்கள் ஒருவருக்கு வருவது அரசின் கண்ணை உறுத்தாமல் இருக்குமா? டச்சுக்காரர்களுடன் போர் நடந்த 1667இல் அவரைப் பிடித்து லண்டன் கோபுரச் சிறையில் அடைத்தனர். வெளியே வந்ததும் கடிதப் போக்குவரத்தைத் தொடர்ந்தார்.

ராட்டர்டாமில் அடைக்கலம் புகுந்திருந்த பிரெஞ்சுச் சிந்தனையாளர் பியர் பேல், 1684இல் நூல் மதிப்புரைக்கெனவே ஓர் இதழ் தொடங்கினார். கற்றோர் மட்டுமே புரிந்துகொள்ளக்கூடிய செய்தியை எல்லோரும் விரும்பிப் படிக்கும் நடையில் எழுதியது அவருடைய பங்களிப்பு. 1731இல் லண்டன் அச்சகர் எட்வர்டு கேவ் 'ஜென்டில்மேன்ஸ் மேகசின்' தொடங்கினார். அவர் செருப்புத் தொழிலாளியின் மகன். அஞ்சல் துறையில் வேலை பார்த்தவர். தொடக்கத்தில் அந்த இதழின் சரக்கில் பெரும்பங்கு லண்டன் பத்திரிகைகளிலிருந்து எடுத்துச் சுருக்கியது. பிறர் எழுதியதை வெட்டி ஒட்டுபவர் என்று போட்டியாளர்கள் ஏசியபோதும் விற்பனை குறையவில்லை. தெரிவாளர் மீதான இந்த வசை பின்னர் இணையக் காலத்திலும் அப்படியே எழுந்தது.

இருபதாம் நூற்றாண்டில் இம்மரபை வெகுமக்களிடம் கொண்டுசென்றவர் அமெரிக்கரான டெவிட் வாலஸ். முதல் உலகப் போரில் காயம்பட்டுப் பிரான்சில் மருத்துவமனையில் கிடந்த நாட்களில் இதழ்களைப் படித்துக் கட்டுரைகளைச் சுருக்கிப் பழகினார். மனைவி லைலாவுடன் சேர்ந்து அவர் தொடங்கிய 'ரீடர்ஸ் டைஜஸ்ட்' இதழின் முதல் எண் 1922 பிப்ரவரியில் வெளியானது. நாளுக்கு ஒன்று என்ற கணக்கில் அதில் 31 கட்டுரைகள் இருந்தன. தமிழில் இவ்வகைக்கு எடுத்துக்காட்டு 1947இல் கலைமகள் நிறுவனம் தொடங்கிய 'மஞ்சரி'. தி.ஜ.ர. என அறியப்பட்ட தி.ஜ. ரங்கநாதன் அதன் ஆசிரியராக இருந்தார். பிறமொழிக் கட்டுரைகளும் நூல் சுருக்கங்களும் அதன் மூலம் கையடக்க வடிவில் தமிழ் வாசகரை எட்டின.

கிறைஸ்ட்சர்ச் தளம்

டெனிஸ் டட்டன் 1944இல் லாஸ் ஏஞ்சலீஸில் புத்தகக் கடைக் குடும்பத்தில் பிறந்தவர். 1960களில் அமெரிக்க அரசின் தொண்டர் அமைப்பான பீஸ் கோரின் தொண்டராக இந்தியாவில் இருந்தபோது சிதார் கற்றார். கிறைஸ்ட்சர்ச்சில் கேன்டர்பரி பல்கலைக்கழகத்தின் மெய்யியல் பேராசிரியராக இருந்த காலத்தில், 1998 செப்டம்பரில் 'ஆர்ட்ஸ் அண்டு லெட்டர்ஸ் டெய்லி' தளத்தைத் தொடங்கினார். பதினெட்டாம் நூற்றாண்டுச் செய்தித்தாள்களைப் பின்பற்றிப் பக்கத்தை அமைத்தார். கட்டுரைகள், புதிய நூல்கள், விவாதங்கள் என மூன்று பத்திகள், நெருக்கமான எழுத்து, படம் அரிது. ஒவ்வொரு சுட்டிக்கும் முன்னால் இரண்டு மூன்று வரிகள். அந்த வரிகள் கட்டுரையைச் சுருக்குவதில்லை. படிப்பவரைச் சீண்டி உள்ளே இழுக்கும். படிக்கச் சலிப்பூட்டும் கல்வியாளர் நடையைக் கேலி செய்து மோசமான எழுத்துக்குப் போட்டியே நடத்தியவர் டட்டன். அவருடைய தெரிவில் அந்த நடைக்கு இடம் கிடைக்கவில்லை.

இதற்குச் சற்று முன்பே, 1997 டிசம்பரில், ஜார்ன் பார்கர் என்ற அமெரிக்கர் தாம் கண்ட சுட்டிகளை நாள்வரிசையில் பதிவுசெய்து வந்தார். அது ஒருவரின் குறிப்பேடு. வாசகரை மனத்தில் வைத்துத் தொகுத்த இதழ் என்ற வகையில் டட்டனின் தளமே முதன்மையானது. அறிவியலுக்கென அதே பாணியில் விக்கி ஹைட் என்பவர் நியூசிலாந்திலிருந்தே 'சைடெக் டெய்லி' தளத்தை நடத்தினார்.

டட்டனின் தளத்தை 1999இல் 'லிங்குவா ஃபிராங்கா' இதழ் நிறுவனம் வாங்கியது. அந்நிறுவனம் நொடித்துப்போக, 2002 அக்டோபரில் தளம் சில நாட்கள் முடங்கியது. அதே மாதம் 'தி கிரானிக்கிள் ஆஃப் ஹையர் எஜுகேஷன்' அதை வாங்கிக் காப்பாற்றியது. டட்டன் 2010 டிசம்பர் 28 அன்று காலமானார். தளம் தொடர்ந்தது.

எட்ஜ்

கட்டுரைகளைத் தெரிவு செய்வதற்கு மாறாக மனிதர்களைத் தெரிவு செய்தவர் நியூயார்க் இலக்கிய முகவர் ஜான் பிராக்மன். அறிவியலாளர்கள் பத்திரிகையாளரின் துணையின்றிப் பொதுமக்களிடம் நேரே பேச வேண்டும் என்று 'தி தேர்ட் கல்ச்சர்' (1995) நூலில் வாதிட்டார். அதையொட்டித் தோன்றியது 'எட்ஜ்' இணைய இதழ். 1998 முதல் 2018 வரை ஆண்டுக்கு ஒரு கேள்வி கேட்டு, அறிஞர்களின் விடைகளை அது வெளியிட்டது. கடந்த இரண்டாயிரம் ஆண்டுகளின் மிக முக்கியமான கண்டுபிடிப்பு எது என்ற கேள்விக்கு இயற்பியலாளர் ஃப்ரீமன் டைசன் தந்த விடை: உலர்புல். குளிர்காலத்திற்குப் புல்லை உலர்த்திச் சேமிக்கத் தெரிந்த பின்னரே குதிரையும் மாடும் வடக்கே பிழைத்தன, நகர நாகரிகம் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வடக்கே நகர்ந்தது என்பது அவர் வாதம். நிரூபிக்க முடியாவிட்டாலும் எதை உண்மை என நம்புகிறீர்கள் என்பது 2005ஆம் ஆண்டுக் கேள்வி. ஓய்வு கொடுக்க வேண்டிய அறிவியல் கருத்து எது என்பது 2014ஆம் ஆண்டுக் கேள்வி.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பயின்ற நரம்பியலாளர் வி.எஸ். ராமச்சந்திரன், 2000இல் 'எட்ஜ்' இதழில் ஆடி நியூரான்கள் பற்றி, அதாவது ஒரு செயலைச் செய்யும்போதும் பிறர் அதைச் செய்யக் காணும்போதும் இயங்கும் நரம்பணுக்கள் பற்றி எழுதினார். உயிரியலுக்கு டி.என்.ஏ. செய்ததை உளவியலுக்கு இவை செய்யும் என்று அதில் கணித்தார். கட்டுரை உலகெங்கும் படிக்கப்பட்டது. அறிவாற்றல் அறிவியலாளர் கிரெகரி ஹிக்காக் போன்றோர் பின்னர் எழுப்பிய ஐயங்கள் அந்த அளவுக்குப் பரவவில்லை. துணிந்து சொன்ன கருத்துக்குக் கிடைக்கும் இடம் அதன் திருத்தத்திற்குக் கிடைக்காமை இவ்வகை வாசிப்பின் குறையாகும்.

வகைகள்

தெரிவு வாசிப்பை ஐந்து வகையாகப் பிரிக்கலாம்.

1. தனியாள் தெரிவு. பல்கேரியாவில் பிறந்த மரியா பபோவா 2006இல் உடன் பணிபுரிந்த ஏழு பேருக்கு அனுப்பிய மின்னஞ்சலாகத் தொடங்கிய 'பிரெய்ன் பிக்கிங்ஸ்', 2021இல் 'தி மார்ஜினாலியன்' எனப் பெயர் மாறியது.

2. ஆசிரியர் தெரிவு. ராபர்ட் காட்ரெல் 2008இல் தொடங்கிய 'தி பிரவுசர்' இதில் அடங்கும். இணையத்தில் எழுதப்படுவதில் நூற்றுக்கு ஒரு பங்கே அறிவார்ந்த பொது வாசகருக்குப் பயன்படும் என்பது அவர் கணிப்பு. அந்த ஒரு பங்கும் ஒருவர் ஆயுளில் படித்து முடிக்கக் கூடியதன்று.

3. குழுத் தெரிவு. அப்பாஸ் ராசா 2004இல் தொடங்கிய 'த்ரீ குவார்க்ஸ் டெய்லி' அறிவியலையும் இலக்கியத்தையும் அடுத்தடுத்து வைத்தது.

4. புரவலர் இதழ். கணிதவியலாளர் ஜிம் சைமன்ஸின் அறக்கட்டளை நடத்தும் 'குவாண்டா' இதில் தலையானது. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கி பற்றிய கட்டுரைகளுக்காக 2022இல் புலிட்சர் பரிசு பெற்றது. லண்டனில் 2012இல் தோன்றிய 'ஈயான்' இதழும் இவ்வகையே. இவை சொந்தமாகவே எழுதி வெளியிடுவதால் தெரிவு வாசிப்பின் விளைநிலம் எனலாம்.

5. வாக்குத் தெரிவு. 'ரெடிட்' (2005), 'ஹேக்கர் நியூஸ்' (2007) ஆகியவற்றில் வாசகர் வாக்கே வரிசையைத் தீர்மானிக்கிறது. இதைத் தெரிவு என்பதைக் காட்டிலும் கூட்டத்தின் விருப்பம் என்பதே பொருந்தும்.

விமர்சனம்

தெரிவாளர்கள் பெரும்பாலும் ஆங்கில இதழ்களையே சார்ந்திருப்பதும், எழுதியவருக்குப் போகவேண்டிய வாசகர் கவனத்தில் பங்கு பெறுவதும் குறைகளாகச் சுட்டப்படுகின்றன. பாலியல் குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்ட ஜெஃப்ரி எப்ஸ்டீன், 'எட்ஜ்' அறக்கட்டளைக்கு நிதியளித்தவர்களில் முக்கியமானவர் என்பது 2019இல் பெரிதும் பேசப்பட்டது.

இன்றைய நிலை

விரும்பிய தளங்களை ஒரே இடத்தில் திரட்டித் தந்த 'கூகுள் ரீடர்' 2013 ஜூலை 1 அன்று மூடப்பட்டது. அதன்பின் வாசகரில் பலர் சமூக ஊடகங்களுக்கும், பிற்பாடு மின்னஞ்சல் மடல்களுக்கும் சென்றனர். செயற்கை நுண்ணறிவுச் சுருக்கங்களும் இப்போது புழக்கத்தில் உள்ளன.