ஆயில் இன்ஜின் போன கதை: புகையில்லாத மெஷினுக்கு நாம ஏற்கெனவே ஒரு தடவை மாறியாச்சு

(எபிசோடின் திருத்தப்பட்ட எழுத்து வடிவம்)

இந்த எபிசோட் திருப்பத்தூர்ல ஆரம்பிக்குது. டவுன்ல இருந்து புதூர்நாட்டுக்கு பஸ் ஏறினா ஜவ்வாது மலை மேல கொண்டுபோய் விடும். போன தடவை போனப்போ ஒரு வளைவுல பஸ் நின்னுடுச்சு. முன்னாடி ஒரு ஜேசிபி மண் வாரிக்கிட்டு இருந்தது. கறுப்புப் புகை ஜன்னல் வழியா உள்ளே வருது. பக்கத்து சீட்ல இருந்த பெரியவர் துண்டால மூக்கைப் பொத்திக்கிட்டே சொன்னார்: "கீழ எங்க கிணத்துல ஆயில் இன்ஜின் ஓடுனப்ப இதே நாத்தம்தாம்பா. கரண்ட் வந்துச்சு, போச்சு."

இன்னைக்கு நாம பேசப்போறது அந்த "கரண்ட் வந்துச்சு, போச்சு" பத்திதான்.

ரோட்டுல ஓடாத வண்டிகள்

கார், பைக், லாரி புகைக்கு விதி இருக்குன்னு எல்லாருக்கும் தெரியும். 2020 ஏப்ரல்ல நாடு முழுக்க பிஎஸ்-6 வந்துச்சு. ஆனா டிராக்டர், ஜேசிபி, ரோடு ரோலர் எல்லாம் தனி உலகம். டிராக்டருக்கு முதல் புகை விதி 1999-ல் வந்தது. கட்டுமான வண்டிகளுக்கு 2007 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அடுத்த பெரிய படிக்கான அறிவிப்பு 2018 மார்ச்சில் வந்தது. 2020 அக்டோபரில் அமலாகணும். கட்டுமான வண்டிகளுக்கு அது 2021 ஏப்ரலுக்குத் தள்ளிப்போச்சு. டிராக்டருக்கு மறுபடி மறுபடி தள்ளி, 2023 ஜனவரியில்தான் வந்தது. அதுவும் 50 ஹெச்.பி.க்கு மேல இருக்கிற டிராக்டருக்கு மட்டும். நம்ம நாட்டுல விக்கிற டிராக்டர்ல பெரும்பாலானவை அதுக்குக் கீழதான்.

இந்த விதிகள் எல்லாம் புகையைக் குறைக்கத்தான் சொல்லுது. புகையே கூடாதுன்னு சொல்ற விதியும் உலகத்துல இருக்கு. கலிஃபோர்னியாவில் 2021-ல் ஒரு சட்டம் போட்டாங்க. அதன்படி 2024 மாடலிலிருந்து புல் வெட்டுற மெஷின், இலை ஊதுற மெஷின் மாதிரியான பெரும்பாலான புதுச் சின்ன இன்ஜின்கள் புகையே விடக்கூடாது.

"இதெல்லாம் பணக்கார ஊர் விஷயம், நமக்கு நடக்காது"ன்னு தோணும். ஆனா இதைவிடப் பெரிய மாற்றம் நம்ம கிணத்து மேட்டுல ஏற்கெனவே நடந்திருக்கு.

மாடு, இன்ஜின், மோட்டார்

பழைய வட ஆற்காடு மாவட்டத்துல, அதாவது இன்னைய வேலூர், திருப்பத்தூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை பகுதியில, விவசாயம் ஏரியையும் கிணத்தையும் நம்பித்தான். மாட்டைக் கட்டிக் கவலை ஓட்டி, தோல் சாலில் தண்ணி இறைப்பாங்க. இன்னும் சில ஊர்ல இதையே கமலைன்னு சொல்வாங்க. அப்புறம் ஆயில் இன்ஜின் வந்தது. ஹேண்டில் போட்டுச் சுத்தணும், டவுனுக்குப் போய் எண்ணெய் வாங்கி வரணும், புகையில நிக்கணும்.

அதே சமயத்துல மின்சாரமும் வளர்ந்தது. 1932-ல் பைக்காரா, 1937-ல் மேட்டூர். 1957-ல் மெட்ராஸ் மின்சார வாரியம். அடுத்த பத்து, இருபது வருஷத்துல கம்பி கிராமத்துக்குள்ள போச்சு, வயலுக்கும் போச்சு. பீகார், உத்தரப் பிரதேசத்துல டீசல் பம்ப் பெரிய அளவில் தொடர்ந்தப்போ, தமிழ்நாட்டுக் கிணறுகள் மோட்டாருக்கு மாறிடுச்சு.

கவனிங்க, யாரும் ஆயில் இன்ஜினைத் தடை பண்ணல. கம்பி இழுத்தாங்க, விலையைக் குறைவா வெச்சாங்க. ஸ்விட்ச் போட்டா ஓடுற மோட்டார் முன்னாடி இன்ஜின் தானா தோத்துப்போச்சு.

புகை முழுசா மறையல, அதையும் சொல்லணும். 1962-ல் நெய்வேலியில் அனல்மின் நிலையம் ஓட ஆரம்பிச்சது. கிணத்து மேட்டுப் புகையில ஒரு பங்கு அந்தப் புகைபோக்கிக்கு இடம் மாறிச்சு.

காசுக் கணக்கு, உயிர்க் கணக்கு

எல்லாரும் மோட்டாருக்கு மாறினதும், கரண்ட் விலை சோத்து விலை மாதிரி ஆயிடுச்சு. 1970-ல் அரசு யூனிட்டுக்குச் சில காசு ஏத்தினது. இன்னைக்கு அந்தக் காசு செல்லவே செல்லாது. ஆனா கோவைப் பகுதி விவசாயிகள் கொதிச்சாங்க. 1970 ஜூன் 19 அன்று பெருமாநல்லூரில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டுல மூணு விவசாயிகள் இறந்தாங்க. 1972-ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் மாட்டு வண்டிகளைக் கொண்டுவந்து கோவை நகரத்தையே நிறுத்தினாங்க. மோட்டார் வந்து வேலையில்லாமப் போன அதே மாடுகள், மோட்டார் கரண்டுக்காகத் தெருவுல நின்னுச்சு.

1984-ல் சிறு விவசாயிகளுக்கு இலவச மின்சாரம். 1990-ல் எல்லா விவசாயிகளுக்கும். போராடி வாங்கின உரிமை அது. இன்னைக்கு 23 லட்சத்துக்கு மேல இணைப்புகள் இருக்கு.

யாரும் எழுதாத ஒரு வரி

மெஷினை மாத்தினோம். மெஷின் இழுக்கிற தண்ணிக்கு விதி எழுதல. மேல உக்காந்து உறிஞ்சுற பம்ப் ஏழெட்டு மீட்டருக்குக் கீழ இருக்கிற தண்ணியை இழுக்காது. அது இயற்பியல். அதனால நீர்மட்டம் இறங்க இறங்க, மோட்டாரையும் கிணத்துக்குள்ள ஒவ்வொரு படியா இறக்கினாங்க. அப்புறம் போர், கம்ப்ரசர், சப்மெர்சிபிள். கீழ இருக்கிறது கெட்டிப் பாறை. பாறை வெடிப்புல தேங்கின தண்ணி தீர்ந்தா, திரும்ப நிரம்ப மழை வேணும். இன்னைக்கு நிலத்தடி நீர்க் கணக்கெடுப்புல திருப்பத்தூர் மாவட்டத்தின் பல பகுதிகள் 'அதிநுகர்வு' பட்டியல்ல இருக்கு.

இன்னொரு கேள்வி: பலன் யாருக்கு? கிணறு இருந்தவருக்கு. ஆழமா போர் போடப் பணம் இருந்தவருக்கு. இணைப்புக்கு மனு கொடுத்து வருஷக்கணக்கா காத்திருந்தவங்க எத்தனையோ பேர். 2021-ல் ஒரே அறிவிப்புல 1 லட்சம் புது இணைப்பு கொடுக்க வேண்டி வந்ததே, வரிசை எவ்வளவு நீளம்னு காட்டுது. மலை மேல மழையை மட்டும் நம்பிச் சாமை விதைக்கிற குடும்பத்துக்கு இலவச கரண்டால என்ன கிடைச்சது?

2019-ல் வந்த பிஎம்-குசும் சோலார் பம்ப் திட்டம் இதுல பாதிப் பாடத்தைக் கத்துக்கிச்சு. நிலத்தடி நீர் தீர்ந்துபோன பகுதிகள்ல புது சோலார் பம்ப் கிடையாது. ஏற்கெனவே இருக்கிற டீசல் பம்பை மட்டும் மாத்தலாம், அதுவும் சொட்டுநீர் மாதிரி தண்ணி மிச்சம் பண்ற பாசனம் இருந்தாத்தான். காரணம் சுலபம்: வெயிலுக்கு பில் வராது. பில் வராத மோட்டாரை நிறுத்த யாருக்கும் அவசரம் இருக்காது.

திரும்ப அந்த வளைவுக்கு

எலக்ட்ரிக் டிராக்டர் வந்தாச்சு. எலக்ட்ரிக் ஜேசிபியும் வரும். "எந்த வருஷத்துல இருந்து டீசல் கூடாது?"ன்னு பேச்சு கிளம்பும்போது, கிணத்து மேட்டுக் கதையில இருந்து மூணு கேள்வி எடுத்துட்டுப் போகலாம். சார்ஜ் ஏத்தக் கம்பி புதூர்நாடு வரைக்கும் தாங்குமா? ஒரே ஒரு பழைய டிராக்டரை வாடகைக்கு ஓட்டிப் பிழைக்கிறவர் புதுசுக்குப் பணத்துக்கு எங்க போவார்? ஓட்டுற செலவு குறைஞ்சா அந்த மெஷின் எதை அதிகமாத் தோண்டும்?

புகையை நிறுத்தறது நல்ல விதி. ஆனா பெரியவர் சொன்ன வாக்கியத்துல பாதிதான் அது. பஸ் கிளம்பினப்போ அவர் மீதியையும் சொன்னார்: "புகை போச்சு. அப்புறம் தண்ணியும் போச்சு."

உங்க வீட்டுப் பெரியவங்ககிட்ட கேட்டுப் பாருங்க, அவங்க ஊர்க் கிணத்துல முதல் மோட்டார் எப்போ இறங்கிச்சுன்னு. கதை கிடைச்சா எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.