ரஞ்சித் பாரோட்

ரஞ்சித் பாரோட் மும்பையைச் சேர்ந்த ஜாஸ் டிரம்ஸ் கலைஞர், பாடகர், இசையமைப்பாளர், இசைத் தயாரிப்பாளர் ஆவார். தமிழ் ரசிகர்களுக்கு இவர் 1997இல் வெளிவந்த வி.ஐ.பி. திரைப்படத்தின் இசையமைப்பாளராக அறிமுகமானார். மேற்குலகில் இவர் பெயர் பரவியது கிதார் கலைஞர் ஜான் மெக்லாலினின் "ஃபோர்த் டைமென்ஷன்" குழு வழியாகவே. டிரம்ஸ் வாசித்துக்கொண்டே கொன்னக்கோல் சொல்லுவது இவரது தனித்த அடையாளம்.

குடும்பப் பின்னணி

இவரது தாயார் புகழ்பெற்ற கதக் நடனக் கலைஞர் சிதாரா தேவி (1920-2014); தந்தை பிரதாப் பாரோட். நடனக் கலைஞர் கோபி கிருஷ்ணாவும் இதே குடும்பத்தைச் சேர்ந்தவர். கதக்கில் ஆடுபவர் தாம் ஆடப்போகும் தாளக்கோவையை முதலில் வாயால் சொல்லிக் காட்டிவிட்டு, பின்னர் அதையே காலில் எடுத்துக் காட்டுவார். இதற்குப் படந்த் என்று பெயர். தாளம் முதலில் சொல்லாகப் பிறந்து பிறகே அடியாக மாறும் இம்மரபு புழங்கிய வீட்டிலிருந்து வந்தவர், மேற்கத்திய டிரம்சைத் தேர்ந்தெடுத்தார். சிறு வயதிலேயே அதை வாசிக்கத் தொடங்கிய அவர், பின்னர் பியானோ கலைஞர் லூயிஸ் பேங்க்ஸ் போன்ற இந்திய ஜாஸ் முன்னோடிகளுடன் இணைந்து வாசித்தார்.

திரைப்பட இசை

இந்தியாவில் ஜாசை மட்டும் நம்பி வாழ்வது கடினம். மும்பையின் ஜாஸ் கலைஞர்கள் பலரைப் போலவே பாரோட்டும் திரைப்படங்களுக்கும் விளம்பரங்களுக்கும் பணியாற்றினார். கேத்தன் மேத்தா இயக்கிய "ஓ டார்லிங் யே ஹை இந்தியா" (1995) இவர் இசையமைத்த படமாகும். ஏ. ஆர். ரகுமானின் பதிவுகளிலும் மேடை நிகழ்ச்சிகளிலும் நெடுங்காலமாக டிரம்ஸ் வாசித்துள்ளார்.

பிரபுதேவா, அப்பாஸ், சிம்ரன், ரம்பா நடித்த வி.ஐ.பி. படத்தில் ஹரிஹரனும் சித்ராவும் பாடிய "மின்னல் ஒரு கோடி" பெரும் வெற்றி பெற்றது. அக்காலத்தில் ரகுமானின் ஒலியமைப்பு தமிழ்த் திரையிசையை முழுமையாக ஆட்கொண்டிருந்ததால், இதனை ரகுமானின் பாடல் என்று எண்ணுவோர் பலர். பாடல் நிலைத்தது; அதை அமைத்தவரின் பெயர் அந்த அளவுக்கு நிலைக்கவில்லை. பிறருடைய ஒலிப்பதிவுகளில் வாசிக்கும் கலைஞர்களுக்கு இது புதிதன்று எனினும், தாமே இசையமைத்த படத்திலும் பாரோட்டுக்கு இவ்வாறு நேர்ந்தது குறிப்பிடத்தக்கது.

கொன்னக்கோலும் டிரம்சும்

கொன்னக்கோல் என்பது கருநாடக இசையில் தாளச் சொற்கட்டுகளை வாயால் ஒலிக்கும் கலை. தகிட மூன்று, தகதிமி நான்கு, தகதகிட ஐந்து, தகதிமிதகிட ஏழு என எண்ணிக்கைகள் சொற்களாகவே அமைந்துவிடுவதால், வாசிப்பவர் மனத்தில் எண்ணிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஜாசில் மிகுதியாக வழங்கும் நான்கு அடிச் சுழற்சியை எடுத்துக்கொள்வோம். ஒவ்வோர் அடியையும் நான்காகப் பகுத்தால் மொத்தம் 16 அட்சரங்கள் கிடைக்கும். இதில் "தகதகிட தகதகிட தகதிமிதக" என்று சொன்னால் 5+5+6=16. சொற்கள் 1, 6, 11 ஆகிய அட்சரங்களில் தொடங்குகின்றன. அடிகளோ 1, 5, 9, 13இல் விழுகின்றன. எனவே முதல் சொல் மட்டுமே அடியோடு சேரும். மற்றவை விலகி நின்று, அடுத்த சுழற்சியின் தொடக்கத்தில் மீண்டும் வந்து பொருந்தும். கேட்பவருக்குத் தாளம் தடுமாறுவது போலத் தோன்றும். உண்மையில் கணக்கு சிறிதும் பிசகுவதில்லை. ஒரு கோவையை மும்முறை சொல்லி முடிக்கும் மோராவும், கதக்கின் திகாயும் இதே இன்பத்தைத் தருவன.

மிருதங்கத்தில் சொற்கட்டுகளுக்கும் விரலடிகளுக்கும் வழிவழியான தொடர்பு உண்டு. டிரம்சில் அப்படி ஏதும் இல்லை. எந்த எழுத்து காலால் இயக்கும் பெரிய முரசுக்கு, எது ஸ்நேருக்கு, எது சிம்பலுக்கு என்பதை வாசிப்பவரே முடிவு செய்யவேண்டும். கைகளும் கால்களும் வெவ்வேறு வேலை செய்யும்போது வாயால் சொற்கட்டையும் சொல்லுவது எளிதன்று. பாரோட்டின் திறமை இங்குதான் வெளிப்படுகிறது. அவர் கருநாடகத் தாளத்தை ஜாசின் மீது ஒட்டவைப்பதில்லை. ஜாசின் ஓட்டம் குலையாமலே சொற்கட்டு உள்ளே நடக்கிறது. சுவிங் நடையைத் திச்ர நடை என்று சொல்லிவிடுவோர் உளர். மூன்றாகப் பகுப்பதில் இரண்டும் நெருங்கினாலும், சுவிங்கின் நெகிழ்வு வேகத்திற்கேற்ப மாறக்கூடியது. திச்ரத்தின் அளவு மாறாதது.

ஜான் மெக்லாலினுடன்

சக்தி குழுவின் காலம் முதல் கருநாடகத் தாளத்தில் ஈடுபாடு கொண்ட மெக்லாலின், "ஃப்ளோட்டிங் பாயிண்ட்" தொகுப்பை 2007இல் சென்னையில் பதிவு செய்தார். டிரம்சில் பாரோட்டும் தாளவாத்தியங்களில் சிவமணியும் பங்கேற்ற இத்தொகுப்பு 2008இல் வெளிவந்து கிராமி விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. பாரோட்டின் சொந்தத் தொகுப்பான "படா பூம்" (2010) மெக்லாலின், ஜாகிர் உசேன், மாண்டலின் உ. ஸ்ரீநிவாஸ் ஆகியோரின் பங்களிப்புடன் வெளியானது. இதில் பாரோட் பாடவும் செய்கிறார்.

அதன்பின் கேரி ஹஸ்பண்ட், எத்தியென் எம்பாப்பே ஆகியோருடன் ஃபோர்த் டைமென்ஷன் குழுவில் இணைந்தார். "நவ் ஹியர் திஸ்" (2012), "பிளாக் லைட்" (2015) ஆகியன இக்குழுவின் தொகுப்புகளில் சில. 2017இல் லண்டனின் ரோனி ஸ்காட்ஸ் அரங்கில் பதிவான தொகுப்பில் இடம்பெற்ற "மைல்ஸ் பியாண்ட்" வாசிப்புக்காக மெக்லாலின் 2018இல் கிராமி விருது பெற்றார். 1973இல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா வெளியிட்ட மூலப்பதிவில் டிரம்ஸ் வாசித்தவர் பில்லி காபம். இப்பதிவில் அவ்விடத்தில் இருந்தவர் பாரோட்.

2017ஆம் ஆண்டின் இறுதியில் மெக்லாலின் மேற்கொண்ட அமெரிக்க விடைபெறும் பயணத்திலும் இவர் வாசித்தார். டிசம்பர் 8 அன்று சான் பிரான்சிஸ்கோவில் நடந்த நிகழ்ச்சி தனித்தொகுப்பாக 2018இல் வெளிவந்தது. கொரோனா ஊரடங்கின்போது உருவான "லிபரேஷன் டைம்" (2021) தொகுப்பின் "லாக்டவுன் ப்ளூஸ்" பகுதியில் இந்நால்வரும் மீண்டும் இணைந்தனர்.