பெட்ரோல் முள் காட்டும் பொய்க்கணக்கு

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் பேசிப் பாருங்கள். எஞ்சினைப் பற்றிப் பெருமையாகச் சொல்வார்கள். பெட்ரோல் முள்ளைப் பற்றிக் கேட்டால் மட்டும் "அது ஒரு மாதிரி காட்டும் சார்" என்று மழுப்புவார்கள். இங்கே புனேயில் எனக்குத் தெரிந்த நாலைந்து பேரும் அப்படித்தான். அந்த 'ஒரு மாதிரி'க்குப் பின்னால் ஒரு சரித்திரமே இருக்கிறது.

1908-ல் வந்த ஃபோர்டு மாடல் டி-யில் முள்ளே கிடையாது. பெரும்பாலான வண்டிகளில் டேங்க் முன்சீட்டுக்கு அடியில். சீட்டைத் தூக்கி, குச்சியை விட்டு, ஈரம் எதுவரை என்று பார்க்க வேண்டும். ஃபோக்ஸ்வாகன் பீட்டிலுக்கு 1961-ல்தான் முள் வந்தது. அதுவரை காலடியில் ஒரு லீவர்; வண்டி இருமினால் திருப்பு, ரிசர்வ் வரும். (பஜாஜ் ஸ்கூட்டரைச் சாய்த்துப் போட்டு ஸ்டார்ட் பண்ணின நமக்கு இதெல்லாம் புதுசா என்ன!)

மின்சார முள்ளில், டேங்குக்குள் ஒரு மிதவை. அதன் கை அசைய அசைய மின்தடை மாறும். பழைய பிரிட்டிஷ் கார்களில் முள்ளுக்குப் பின்னால் இரண்டு காயில்கள் ஆளுக்கொரு பக்கம் இழுத்தன. தொல்லை என்னவென்றால், பெட்ரோல் தளும்பினால் முள்ளும் ஆடும். 1960-கள் வாக்கில் வேறு முறைக்கு மாறினார்கள். சூடானால் வளையும் ஈருலோகத் தகடு. மெதுவாக நகரும், ஆட்டம் கிடையாது. ஆனால் பேட்டரி 12 வோல்ட், எஞ்சின் ஓடினால் 14-ஐத் தொடும். அதற்கேற்ப முள்ளும் மாறினால் யார் நம்புவது? எனவே சராசரி 10 வோல்ட்டாக்கித் தர ஒரு சின்ன ஸ்டெபிலைசரை டேஷ்போர்டுக்குப் பின்னால் வைத்தார்கள்.

எங்கள் நண்பர் குடும்பத்தின் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் மாட்டிக்கொண்டது இங்கேதான். சென்னையில் 1961 முதல் தயாரான வண்டி, அவருடைய அப்பா வாங்கியது. மகாபலேஷ்வர் மலைப்பாதையில் குழந்தைகளோடு போகத் திட்டம். முள் பாதி என்கிறது, குச்சி விட்டால் அடியில் கொஞ்சம்தான் நனைகிறது! மெக்கானிக் டேங்கையே இறக்க வேண்டும் என்றார். அந்தத் துருப்பிடித்த டேங்கை இறக்கினால் மறுபடி ஏறுமா என்பது சந்தேகம். அப்பாவின் வண்டி, வேறு டேங்குக்கு எங்கே போவது?

கவனித்தால் டெம்பரேச்சர் முள்ளும் தேவையில்லாமல் உயரே நின்றது. இரண்டு முள்ளும் சேர்ந்து பொய் சொன்னால், டேங்க் மேல் பழி போடக் கூடாது. இரண்டுக்கும் பொதுவானது ஸ்டெபிலைசர். அதன் எர்த் துருப்பிடித்தால் உள்ளே சூடேறாது, தொடர்பு விட்டு விட்டு நிற்காது, பேட்டரியின் முழு வோல்ட்டேஜும் முள்ளுக்குப் போகும். எர்த் இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்து இறுக்கினோம். அம்புட்டுதான், இரண்டும் இறங்கிவிட்டன.

பெட்ரோல் முள் மட்டும் தப்பென்றால் எந்த வகை என்று முதலில் பாருங்கள். சாவியை அணைத்து, டேங்கிலிருந்து வரும் ஒயரை முள் பக்கத்தில் கழற்றிவிட்டு, சாவி போடுங்கள். காயில் வகை என்றால் 'ஃபுல்' காட்டும், தகடு வகை 'எம்ப்டி'யிலேயே கிடக்கும். இது தெரியாமல்தான் பலர் நல்ல மீட்டரைத் தூக்கிப் போடுகிறார்கள். தகடு வகைக்கு நேரடியாக 12 வோல்ட் கொடுத்துச் சோதிக்காதீர்கள், உள்ளே கருகிவிடும். டேங்க் பக்கம் தீப்பொறி கூடவே கூடாது.

நண்பர் அப்புறம் காலி டேங்கில் ஐந்து ஐந்து லிட்டராக ஊற்றி, முள் நிற்கும் இடத்தைக் காகிதத்தில் குறித்து டேஷ்போர்டில் ஒட்டி வைத்திருக்கிறார். மலைக்குப் போகும்போது அவர் மனைவி பார்ப்பது முள்ளை அல்ல, அந்தக் காகிதத்தைத்தான்.