குமரி மாவட்டத்தின் அரசியல் தலைவர்கள் (1947 முதல்)

இந்தியா விடுதலை பெற்ற நாளில் இன்றைய கன்னியாகுமரி மாவட்டம் தமிழ்நாட்டில் இல்லை. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு தாலுகாக்களும் திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தன. பின்னர் திருவிதாங்கூர்–கொச்சி மாநிலத்தில் சேர்ந்து, 1956 நவம்பர் 1 அன்று சென்னை மாநிலத்தோடு இணைந்தன. இந்த இணைப்புக்காக நடந்த ஒன்பது ஆண்டுப் போராட்டத்தில் உருவான தலைமையும் கட்சிப் பற்றும் மாவட்டத்தின் அரசியலைப் பல பத்தாண்டுகளுக்கு நடத்தின. மாநிலம் முழுவதும் ஒரு பக்கம் சாய்ந்த தேர்தல்களிலும் குமரி தன் போக்கில் நின்றதற்கு முதன்மையான காரணம் இதுவே.

மார்ஷல் நேசமணி

ஏ. நேசமணி 1895 ஜூன் 12 அன்று விளவங்கோடு தாலுகா பள்ளியாடியில் பிறந்தார். நாகர்கோவிலில் வழக்கறிஞராகத் தொழில் செய்தார். நீதிமன்றத்தில் வழக்கறிஞர்கள் சாதி பார்த்து அமர்த்தப்பட்ட காலம் அது. ஒடுக்கப்பட்ட சாதி வழக்கறிஞர்களுக்குப் போடப்பட்ட முக்காலியை அவர் எட்டி உதைத்து, எல்லோருக்கும் நாற்காலி பெற்றுத் தந்தார் என்பது நாஞ்சில் நாட்டில் இன்றும் சொல்லப்படும் செய்தி.

தமிழர்களுக்கான தனி அமைப்பை 1945 டிசம்பரில் நெய்யூரில் தொடங்கி வைத்தவர் சாம் நத்தானியேல். மறு ஆண்டு அதற்குத் திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ் என்ற பெயர் அமைந்தது. 1947 செப்டம்பரில் நாகர்கோவில் ஆலன் நினைவு மண்டபத்தில் கூடிய கூட்டத்துக்குப் பின் நேசமணி இயக்கத்தின் முகமானார். 1948 தேர்தலில் கட்சி 14 இடங்களை வென்றது. அந்தத் தேர்தலையொட்டி நடந்த துப்பாக்கிச் சூட்டில் தேவசகாயம், செல்லையன் ஆகியோர் உயிரிழந்தனர். இயக்கத்தின் முதல் தியாகிகள் இவர்களே.

1954 ஆகஸ்டு 11 இந்த வரலாற்றின் கொடிய நாள். பட்டம் தாணுப்பிள்ளையின் பிரஜா சோசலிஸ்ட் அமைச்சரவை ஆட்சியில் இருந்தது. தொடுவெட்டி என்று அன்று வழங்கிய மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் ஊர்வலம் சென்றவர்கள் மீது போலீஸ் சுட்டதில் பலர் மாண்டனர். அமைச்சரவை பதவி விலக வேண்டும் என்று அதே கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா சிறையிலிருந்தே கோரினார். கட்சித் தலைமை அதை ஏற்கவில்லை. அந்தப் பிளவு மறு ஆண்டு லோகியா வெளியேறுவது வரை சென்றது. தெற்கு முனையில் நடந்த துப்பாக்கிச் சூடு இந்திய சோசலிச இயக்கத்தையே இரண்டாக்கியதில் பங்கு வகித்தது என்பது தமிழில் அதிகம் எழுதப்படாத செய்தி.

மாநில மறுசீரமைப்புக் குழு நான்கு தாலுகாக்களையும் செங்கோட்டையையும் சென்னை மாநிலத்துக்குப் பரிந்துரைத்தது. இயக்கம் கோரிய தேவிகுளம், பீர்மேடு தாலுகாக்கள் கைவிட்டுப் போயின. அந்தக் குறை போராளிகளிடம் கடைசிவரை தீரவில்லை.

இணைப்புக்குப் பின் கட்சி இந்திய தேசிய காங்கிரசில் கரைந்தது. 1952 தேர்தலில் நாகர்கோவிலிலிருந்து மக்களவைக்குச் சென்ற நேசமணி, 1962, 1967 தேர்தல்களிலும் வென்றார். 1967 வெற்றியைத் தனியே குறிப்பிட வேண்டும். திமுக அலையில் காங்கிரஸ் தமிழ்நாட்டின் 39 மக்களவை இடங்களில் மூன்றை மட்டுமே பெற்றது. அவற்றில் ஒன்று நாகர்கோவில். 1968 ஜூன் 1 அன்று அவர் காலமானார்.

தாணுலிங்க நாடாரும் லூர்தம்மாளும்

இயக்கத்தில் நேசமணி கிறிஸ்தவர், பி. தாணுலிங்க நாடார் இந்து, மாநிலங்களவை உறுப்பினராக இருந்த ஏ. அப்துல் ரசாக் முஸ்லிம். மொழிக்காக மூன்று மதத்தவரும் ஒரே மேடையில் நின்றார்கள். தாணுலிங்க நாடார் 1957 தேர்தலில் காங்கிரஸ் சார்பில் மக்களவை உறுப்பினரானார். கால் நூற்றாண்டுக்குப் பின், 1982 மார்ச்சில் மண்டைக்காட்டில் மூண்ட மதக் கலவரமும் அதையொட்டிய துப்பாக்கிச் சூடும் உயிர்களைப் பறித்தன. நீதிபதி வேணுகோபால் ஆணையம் விசாரித்தது. முதுமையில் தாணுலிங்க நாடார் இந்து முன்னணியின் தலைமைக்கு வந்தார். ஒருவரது வாழ்க்கைக்குள் மாவட்ட அரசியலின் திருப்பம் முழுவதும் அடங்கியிருக்கிறது. மொழிப் போராட்டம் கட்டிய ஒற்றுமை உடைந்தது குமரிக்கு நேர்ந்த பேரிழப்பு.

கடற்கரை மக்களிலிருந்து எழுந்தவர் லூர்தம்மாள் சைமன். 1957 தேர்தலில் குளச்சலில் வென்று, காமராஜர் அமைச்சரவையில் உள்ளாட்சியும் மீன்வளமும் பார்த்தார். மீனவச் சமூகத்துப் பெண் ஒருவர் அந்தக் காலத்தில் அமைச்சரானது சாதாரணச் செய்தியல்ல. அதற்கு உரிய இடம் அவருக்கு வரலாற்று நூல்களில் தரப்படவில்லை.

பூதப்பாண்டியில் பிறந்த ப. ஜீவானந்தம் இம்மண்ணின் பெரும் பொதுவுடைமைத் தலைவர். ஆனால் அவர் 1952 தேர்தலில் சட்டமன்றம் சென்றது சென்னை வண்ணாரப்பேட்டையிலிருந்து.

காமராஜரும் பின்வந்தவர்களும்

நேசமணி மறைவால் 1969 ஜனவரியில் இடைத்தேர்தல் வந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் சொந்த ஊரான விருதுநகரில் தோற்றிருந்த காமராஜர் நாகர்கோவிலில் நின்று, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்கு வித்தியாசத்தில் வென்றார். குமரி மக்கள் அவரை ‘அப்பச்சி’ என்று அழைத்தார்கள். 1971 தேர்தலில் தமிழ்நாட்டில் அவர் சார்ந்த ஸ்தாபன காங்கிரஸ் வென்ற ஒரே மக்களவைத் தொகுதியும் இதுவே. இணைப்பு நிகழ்ந்தபோது முதலமைச்சராக இருந்தவரைக் குமரி கைவிடவில்லை.

1977 தேர்தலில் அகஸ்தீஸ்வரத்துக் குமரி அனந்தன் வென்றார். நாடாளுமன்றத்தில் தமிழில் பேசும் உரிமைக்காக விடாது குரல் கொடுத்தவர் என்பதே அவரது நிலையான புகழ். 2025 ஏப்ரலில் மறைந்தார். 1980 முதல் 1998 வரை ஆறு தேர்தல்களில் என். டென்னிஸ் தொடர்ந்து வென்றார். முதல் நான்கும் காங்கிரஸ் சார்பில், கடைசி இரண்டும் தமிழ் மாநில காங்கிரஸ் சார்பில். 1996 தேர்தலில் பத்மநாபபுரத்தில் வென்ற சி. வேலாயுதன் தமிழ்நாட்டின் முதல் பாரதிய ஜனதா சட்டமன்ற உறுப்பினர். மூன்றே ஆண்டுகளில் அதே கட்சியின் பொன். இராதாகிருஷ்ணன் மக்களவைக்கும் சென்று மத்திய இணை அமைச்சரானார்.

2004 தேர்தலில் மார்க்சிஸ்ட் கட்சியின் ஏ.வி. பெல்லார்மின் வென்றார். தொகுதிச் சீரமைப்பு வரை கன்னியாகுமரி சட்டமன்றத் தொகுதி திருச்செந்தூர் மக்களவைத் தொகுதியில் இருந்தது. 2009 முதல் மாவட்டத்தின் ஆறு சட்டமன்றத் தொகுதிகளும் ‘கன்னியாகுமரி’ என்ற ஒரே மக்களவைத் தொகுதியாயின. அந்த ஆண்டு வென்ற திமுகவின் ஹெலன் டேவிட்சன் இங்கிருந்து சென்ற முதல் பெண் மக்களவை உறுப்பினர். 2014 தேர்தலில் காங்கிரசும் திமுகவும் மார்க்சிஸ்ட் கட்சியும் தனித்தனியே நின்றதில் பொன். இராதாகிருஷ்ணன் மீண்டும் வென்றார். 2019 தேர்தலில் அவரைத் தோற்கடித்தவர் குமரி அனந்தனின் தம்பி எச். வசந்தகுமார். அவர் 2020 ஆகஸ்டில் கொரோனாவுக்குப் பலியானார். அடுத்த ஆண்டு இடைத்தேர்தலில் அவர் மகன் விஜய் வசந்த் காங்கிரஸ் சார்பில் வென்றார். 2024 தேர்தலிலும் தொகுதியைத் தக்கவைத்தார்.

தமிழ்நாட்டை மாறி மாறி ஆண்ட இரு திராவிடக் கட்சிகளில், திமுக இந்த மக்களவைத் தொகுதியில் (முன்னைய நாகர்கோவில் உட்பட) வென்றது 2009 தேர்தலில் மட்டும். அதிமுக 2024 வரை ஒருமுறையும் வென்றதில்லை.