அட்டன்: ஒரு ரயில் பட்டினத்தின் கதை

நுவரெலியாவுக்கு அழகுண்டு, கண்டிக்குப் பழமையுண்டு. அட்டனுக்கு இரண்டும் இல்லை. ஒரு பிரதான வீதி, ஒரு புகையிரத நிலையம், ஒரு பஸ் நிலையம், ஓயாத மழை. ஆயினும் மலையகத் தமிழரின் சரித்திரத்தை எழுதப் புகுவோர் இச்சிறு பட்டினத்தில் இறங்காமல் போக முடியாது, நேயர்களே.

பெயரே இரவல்தான். ஸ்கொட்லாந்தின் அபர்டீன் பகுதிக் கிராமம் ஒன்றின் பெயரைத் துரைமார் இங்கே சூட்டினர் என்பர். ஆனால் பக்கத்திலேயே மல்லியப்பு சந்தியும் சிங்கமலையும் இருக்கின்றன. தொழிலாளரும் தம் வாய்க்கு இசைந்த பெயர்களை இம்மலைகளில் விட்டுவைத்தே இருக்கிறார்கள்!

1869 முதல் இலைநோய் கோப்பியை அழிக்க, தேயிலை மலைகளைப் பிடித்துக்கொண்டது. 1884இல் ரயில் வந்தது. 1888இல் துரைமாருக்கென ஒரு வங்கியும் தோன்றியது. இன்றைய ஹட்டன் நெஷனல் வங்கி அதன் வாரிசு.

தோட்டம் கம்பெனியின் சொத்து; வெளியார் அங்கே கூட்டம் போட முடியாது. பட்டினமோ பொது இடம். இந்த வித்தியாசத்தை நன்கு பயன்படுத்தியவர் கோ. நடேசய்யர். தஞ்சாவூர்க்காரர், புடவை வியாபாரி வேடத்தில் தோட்டங்களுக்குள் நுழைந்தவர். 1931இல் தோட்டத் தொழிலாளர் சம்மேளனத்தை அட்டனிலிருந்துதான் நடத்தினார். துணைவியார் மீனாட்சியம்மை கூட்டங்களில் பாடுவார். பழகிய மெட்டுக்களில் பாடியதால் எழுத்தறியாதோரிடமும் அரசியல் போய்ச் சேர்ந்தது. 1936இல் அட்டன் தொகுதி ஐயரை அரசாங்க சபைக்கு அனுப்பியது. 1947இல் அவர் மறைந்தார். மறு ஆண்டே பிரஜாவுரிமைச் சட்டம்; 1949இல் வாக்குரிமையும் போயிற்று.

அட்டனின் பெருந்துயரம் புகையிரத மேடையில் நிகழ்ந்தது. 1964 ஒப்பந்தத்தில் 525,000 பேரை இந்தியா ஏற்பது, 300,000 பேரை இலங்கை ஏற்பது என இரு பிரதமர்களும் தீர்த்துக்கொண்டார்கள். அந்த மக்களிடம் ஒரு வார்த்தை கேட்டவர் இல்லை. ஒரே லயத்தில் அண்ணனுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, தம்பிக்கு இலங்கைப் பிரஜாவுரிமை. தலைமன்னார் போகும் வண்டிக்குச் சனங்களே பெயர் வைத்தார்கள்: ஒப்பாரிக் கோச்சி. ஏறியவரும் அழுதார், வழியனுப்ப வந்தவரும் அழுதார். அதைவிடப் பொருத்தமான பெயரை எந்தக் கவிஞனும் வைத்திருக்க மாட்டான்.

இன்று அதே மேடையில் மார்கழிப் பௌர்ணமி முதல் வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரிகர் இறங்குகிறார்கள். மற்ற மாதங்களில் கொழும்புக் கடைகளுக்கும் ஹோட்டல்களுக்கும் வேலை தேடிப் போகும் பிள்ளைகள். கொழுந்துக் கூடையை அம்மாவோடு நிறுத்திவிட வேண்டும் என்ற வைராக்கியம் அவர்களுக்கு. தீபாவளிக்கு முதல்நாள் அவர்கள் அனைவரும் ஒருசேர வந்து இறங்குவார்கள். அன்று அட்டன் கடைவீதியில் கால் வைக்க இடமிராது. புடவைக் கடைகள் நடுநிசி வரை திறந்திருக்கும்.