மல்லாட்டையும் நம் வீட்டு நாயும்

 

போன வாரம் பெங்களூரிலிருந்து பேத்தி போன் செய்தாள். "தாத்தா, மணிக்கு பீனட் பட்டர் கொடுக்கலாமா?" என்றாள். "கொடேன், நம்ம மல்லாட்டைதானே" என்று சொல்ல வாயெடுத்தவன், நிறுத்திக்கொண்டேன்.

காரணம் எங்கள் கருப்பன். நான் சிறுவனாக இருந்தபோது ஒரு அடைமழையில் மூட்டை நனைந்து மல்லாட்டை பூசணம் பூத்துவிட்டது. வீட்டில் கொல்லைப்புறம் கொட்டினார்கள். கருப்பன் சில நாள் அதைத் தின்றான். பிறகு சோறு எடுக்கவில்லை. கண் மஞ்சளானது. ஒரு வாரத்தில் போய்விட்டான். "ஏதாவது பூச்சி கடிச்சிருக்கும்" என்றார் அப்பா. நானும் அப்படித்தான் நம்பினேன்.

மல்லாட்டை நம் மண்ணில் பிறந்ததல்ல. தென் அமெரிக்காவில் தோன்றி, கடல் கடந்து வந்த பயிர். 'மணிலாக்கொட்டை' என்ற பெயர்தான் நம் வாயில் மல்லாட்டை ஆனது. காட்டுமன்னார்கோயில் பக்கம் வீராணம் தண்ணீரில் நெல் என்றால், விருத்தாசலம், பண்ருட்டிப் பக்கம் மேட்டு நிலத்தில் மல்லாட்டை. 19ஆம் நூற்றாண்டில் தென்னார்க்காட்டு மல்லாட்டை புதுச்சேரியில் கப்பலேறி, பிரான்சின் மார்செய் நகர எண்ணெய், சோப்பு ஆலைகளுக்குப் போனது.

1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்தன. தீவனத்தில் கலந்த, பிரேசிலிலிருந்து வந்த கடலைப் புண்ணாக்குதான் காரணம் என்று தெரிந்தது. அதில் வளர்ந்த ஒரு பூசணம் கக்கிய நஞ்சுக்கு அஃப்ளாடாக்சின் என்று பெயர் வைத்தார்கள். அது ஈரலைத் தாக்கும். வறுத்தாலும் முழுதாகப் போகாது. அமெரிக்காவில் 1950களில் நாய்களைக் கொன்ற, காரணம் புரியாத ஈரல் நோய்க்கும் இதே நஞ்சுதான் காரணம் என்பது பிறகுதான் விளங்கியது.

நம் நாட்டிலும் நடந்தது. 1974இல் குஜராத், ராஜஸ்தான் எல்லைக் கிராமங்களில், மழையில் நனைந்து பூசணம் பிடித்த மக்காச்சோளத்தைச் சாப்பிட்டவர்களுக்கு மஞ்சள் காமாலை வந்து வயிறு வீங்கியது. நூறு பேருக்கு மேல் இறந்தார்கள். மனிதர்களுக்கு முன்பே அந்த வீட்டு நாய்களிடம் அதே நோய் தென்பட்டிருக்கிறது. யாரும் கவனிக்கவில்லை. இதைப் படித்த அன்றுதான் கருப்பனின் மஞ்சள் கண் நினைவுக்கு வந்தது. அவன் எதனால் செத்தான் என்று இன்று நிரூபிக்க முடியாது. ஆனால் அந்தக் குவியலை நாங்கள் மண்ணில் புதைத்திருக்கலாம்.

இப்போது பாட்டில் காலம். பீனட் பட்டரில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. சில கம்பெனிகள் சர்க்கரைக்குப் பதில் சைலிட்டால் சேர்க்கின்றன. மனிதருக்கு அது பெரிய கெடுதல் செய்யாது. நாய்க்கோ உடம்பில் இன்சுலின் சட்டென்று பெருகி, ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். வாந்தி, தள்ளாட்டம், வலிப்பு வரும், ஈரலும் கெடலாம்.

பேத்திக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். லேபிளைப் படியுங்கள். சைலிட்டால், பிர்ச் சுகர், 967 என்ற எண், இவற்றில் எது இருந்தாலும் வேண்டாம். சாக்லேட் கலந்ததும் வேண்டாம். வெறும் வறுத்த கடலையை அரைத்ததே நல்லது. அதையும் எப்போதாவது, சின்ன நாய்க்கு அரை டீஸ்பூன் போதும், கொழுப்பு அதிகம். தெரியாமல் சைலிட்டால் தின்றுவிட்டால், அறிகுறி தெரியட்டும் என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் ஓடுங்கள்.

நமக்கு ஆகாது என்று ஒதுக்கியதைத்தான் நாய்க்குப் போடுவது நம் பழக்கம். பூசணம் பிடித்த மல்லாட்டையும் புண்ணாக்கும் நமக்கு ஆகாதென்றால், நாய்க்கும் ஆகாது, மாட்டுக்கும் ஆகாது. மழைக்காலம் வருகிறது. மூட்டையைத் தரையில் வைக்காதீர்கள்.