ஒரு சிட்டிகைக்கு நூறாண்டு

சிராய்த்த முழங்காலில் பஞ்சால் ஒற்றிய டிங்சரின் எரிச்சலோடு அயோடின் என்னும் பெயரை அறிந்துகொண்ட தலைமுறை நம்முடையது. மருந்து கைக்கு வந்த பிறகும் ஒரு நூற்றாண்டு வீணாய்க் கழிந்த கதை அப்பழுப்பு நீருக்குப் பின்னால் இருப்பதை நாம் வெகுகாலம் கழித்தே அறிந்தோம்.

1811இல், நெப்போலியனின் போர்களுக்காக வெடியுப்புக் காய்ச்சிக்கொண்டிருந்த பெர்னார் குர்த்துவா, கடற்பாசிச் சாம்பலில் கந்தக அமிலத்தைச் சற்றே கூடுதலாக ஊற்றிவிட்டார். ஊதா நிற ஆவி எழுந்து கரும்படிகமாய்ப் படிந்தது. கிரேக்க மொழியில் அந்நிறத்தைக் குறிக்கும் சொல்லே பொருளுக்குப் பெயராயிற்று.

சுட்ட கடற்பஞ்சின் சாம்பல் கழுத்துக் கழலைக்கு நெடுங்காலமாக வழங்கிவந்த மருந்து. அதன் ஆற்றல் அயோடினே என்று ஊகித்த ஜெனீவா மருத்துவர் குவாந்தே, 1820இல் நோயாளிகளுக்கு நேரடியாக அதையே கொடுத்தார். கழலைகள் சுருங்கின. செய்தி பரவியது, ஊரார் தாமே வாங்கி உட்கொண்டார்கள். பலருக்கு நெஞ்சு படபடத்தது, உடல் மெலிந்தது, கை நடுங்கியது. ஒருவருக்கு நாளொன்றுக்குத் தேவைப்படுவது 150 மைக்ரோகிராம். ஒரு கிராமில் ஆறாயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை. அன்று உட்கொண்டதோ அதைப்போல் நூற்றுக்கணக்கான மடங்கு. பழி அளவின் மீது விழவில்லை, மருந்தின் மீதே விழுந்தது. குவாந்தேயைக் குறைசொல்ல நமக்கு மனம் வரவில்லை. எச்சரிக்கவும் செய்தவர் அவர்.

அயோடின் குறைவே கழலைக்குக் காரணம் என்று 1850களில் பிரான்சின் ஷதேன் வாதிட்டார். அறிஞர் அவை ஏற்கவில்லை.

இதற்கிடையே ஆல்ப்ஸ் பள்ளத்தாக்குகளில் செவியும் பேச்சும் இன்றி, வளர்ச்சி குன்றிய குழந்தைகள் பிறந்துகொண்டே இருந்தார்கள். 'கிரெட்டின்' என்று அவர்களுக்கு இட்ட பெயர் பின்னாளில் வசைச்சொல்லாகவே ஆனது. நோயை விடக் கொடியது அந்தச் சொல் என்று நமக்குத் தோன்றுவதுண்டு. பெர்ன் நகரின் தியோடர் கோஹர் கழலைகளை ஆயிரக்கணக்கில் அறுத்து நீக்கினார். தைராய்டை முற்றாக நீக்கியவர்களில் பலர் அதே கிரெட்டின் நிலைக்கு ஆளாகியிருப்பதைக் கண்டு, தம் கையால் நேர்ந்த அத்தீங்கை 1883இல் தாமே வெளியிட்டார். 1909இல் கிடைத்த நோபல் பரிசை விட அந்த ஒப்புதலே அவருக்குப் பெருமை.

தைராய்டுக்குள் அயோடின் இருப்பதை 1895இல் பவுமன் கண்டறிந்தார். ஆயினும் அச்சம் அகலவில்லை. 1918இல் ஓட்டோ பேயார்டு என்னும் மலைப்பள்ளத்தாக்கு மருத்துவர், மிகச் சிற்றளவு அயோடினைச் சமையல் உப்பில் தாமே கலந்து கிரெகன் என்ற சிற்றூரின் குடும்பங்களுக்குக் கொடுத்துப் பார்த்தார். கழலைகள் வற்றின, நெஞ்சு படபடக்கவில்லை. ஹெரிசாவ் நகர மருத்துவர் எகன்பெர்கர் ஊர் ஊராகப் பேசினார், கையெழுத்துத் திரட்டினார். 1922 பிப்ரவரியில் அவருடைய அப்பென்செல் ஆசர்ரோடன் மாநிலத்தில் அயோடின் உப்பு விற்பனைக்கு வந்தது. வேண்டாதவர்க்குச் சாதாரண உப்பும் கிடைத்தது. குவாந்தேயின் மருந்துக்கு அப்போது வயது 102.

எல்லா மாநிலங்களும் உடனே இணங்கிவிடவில்லை. ஆர்காவில் செல்வாக்குப் பெற்றிருந்த அறுவை மருத்துவர் ஓய்கன் பிர்ஹர் கடுமையாக எதிர்த்தார். அங்கே அயோடின் உப்பு கடைக்கு வந்தது 1952இல்தான்.